முக்கால் நிமிடம் முந்திய மாப்பிள்ளை

மடிக்கணினி செய்கிறவர்கள் கஞ்சர்கள், அந்த்ருக்கா. நெட் வயர் குத்துவதற்கு ஒரே ஒரு துளை வைப்பார்கள். இப்போது வருகிற மெலிந்த ரகங்களில் அதுவும் இல்லை. ஒரு துளை ஒரு ஆளுக்குப் போதும். மூன்று பந்தியாகச் சாப்பிடுகிற ஒரு தறவாட்டுக் கூட்டுக் குடும்ப வீட்டுக்குப் போதாது. இந்த விவகாரம் முழுக்க அந்தத் துளையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். சாயாவைக் குடியுங்கள். ஆறினால் இஞ்சி தூக்கலாகத் தெரியும்.

நீங்கள் இந்தத் தெருவின் பிரேசில் ரசிகர் சங்கத் தலைவர். எங்கள் வீட்டுக்குத் தலைவரான காரணவர் பீரான்கோயா மாமாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். எந்தத் தகுதியில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. "எடா சவாதே, உள்ளதச் சொல்லு. நாளைக்கு அரையிறுதி. பீரானைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய திரையில காட்டலாமா, கூடாதா?" என்று மட்டும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வீட்டில் எல்லோரும் கூடாது என்கிறார்கள். மாமாவின் இதயத்துக்குப் பயப்படுகிறார்கள். மாமாவோ காலையிலேயே மஞ்சள் ஜெர்ஸியைத் தேய்த்து நாற்காலியில் மாட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பதில் என் கையில் இருக்கிறது. முறையாக வந்து சேர்கிறேன்.

இந்த வீட்டில் பெண் எடுத்து, வழக்கப்படி இங்கேயே தங்கிவிட்டவர்கள் மூன்று பேர். கல்யாணமான மறுநாளிலிருந்து கபறுக்குப் போகிற நாள்வரை எங்களுக்குப் பெயர் புதியாப்பிளை. மூத்த புதுமாப்பிள்ளை ஆலிக்கோயாவுக்குப் பல்செட் வந்துவிட்டது, இன்னும் புதியவர்தான். வலியங்ஙாடிக் கடைத்தெருவில் கொப்பரை மொத்த வியாபாரம். இரண்டாமவர் லத்தீப், ஷார்ஜாவில் சூப்பர்மார்க்கெட், உலகக் கோப்பைக்காகவே லீவு போட்டு வந்தவர். மூன்றாவது நான். சந்துக்குள் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை.

சாப்பாட்டு விரிப்பைப் போட்டால் நாங்கள் உட்காருவது வந்த வரிசைப்படி. காரணவருக்குப் பக்கத்தில் ஆலிக்கோயா, அடுத்து லத்தீப், அப்புறம் நான். நெய்மீன் தலை மேலிருந்து கீழே வரும். என்னிடம் வரும்போது அது வாலாகியிருக்கும். நான் குறையாகச் சொல்லவில்லை. வால் பகுதியில் முள் குறைவு. ஆனால் பதினோரு வருடம் ஒரு மனிதன் ஒரே மீனின் ஒரே பக்கத்தைப் பார்த்தால், மறுபக்கத்தைப் பற்றி யோசிப்பது இயல்பு.

முதலில் நான் செய்தது நல்ல காரியம். வீட்டுக்குள் வருகிற நெட் லைன் ஒன்று. பிள்ளைகள் மாடியில் விளையாட்டை இறக்கினால் ஹாலில் டிவி திக்கும். லத்தீப் ஷார்ஜாவுக்குப் பேசினால் முகம் மரவட்டை மாதிரித் துண்டு துண்டாக வரும். மாமியார் பாத்தும்மா என்னிடம், "மோனே, நீ ஊருக்கெல்லாம் சரி பண்ற. சொந்த வீட்டுல மட்டும் நெட்டு நொண்டுது. பொண்ணு கொடுத்த வீட்டைப் பார்த்து ஊரு சிரிக்குது" என்றார். கடையில் யாரும் வந்து வாங்காத ஒரு பழைய மடிக்கணினி கிடந்தது. பேட்டரி செத்தது. அதில் லினக்ஸ் போட்டேன். அதன் உடம்பிலிருந்த துளையில் வெளியிலிருந்து வரும் வயரைக் குத்தினேன். பக்கவாட்டில் இரண்டு அடாப்டர்களைச் செருகி இன்னும் இரண்டு துளைகள் உண்டாக்கினேன். ஒன்றிலிருந்து ஹாலுக்கு வயர், டிவிக்கும் வைஃபைப் பெட்டிக்கும் சேர்த்து. மற்றதிலிருந்து எனக்கும் என் மனைவி நஸ்லாவுக்கும் உள்ள அறைக்கு. நடுவில் உட்கார்ந்து கணினி பங்கு வைத்தது. வீடு வாழ்த்தியது. அன்றும் எனக்கு வால்தான் வந்தது.

என் வாப்பா மிளகுத் தரகர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர். அங்காடியில் ஒரு பேச்சு உண்டு, உங்களுக்கும் தெரியும்: ஒரு மூச்சு முன்னால் தெரிந்தவன் வியாபாரி, ஒரு மூச்சு பின்னால் தெரிந்தவன் வாங்க வந்தவன். நான் அந்த நேரத்தில் இதை நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். நினைக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தின வாரம் மாமாவுக்கு நெஞ்சில் பிடித்தது. ஆலிக்கோயா சரக்கு இறக்கப் போயிருந்தார், லத்தீப் இன்னும் விமானம் ஏறவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். திரும்பி வந்ததும் வீடே நடுமுற்றத்தில் கூடி நின்றது. நான் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சொன்னேன்: "பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா திடீர்னு எதுவும் கூடாது. சந்தோஷமும் சரி, துக்கமும் சரி, மெதுவா வரணும்."

இந்த வீட்டில் நான் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசாதது அன்றுதான் முதல் தடவை.

மெதுவாக வரணும் என்று சொல்லிவிட்டால் அதற்கு ஏற்பாடும் செய்ய வேண்டுமல்லவா. பிரேசில் ஆட்டம் மெதுவாக வருமா. அதனால் ஹாலுக்குப் போகிற வயரில் ஒரு தொட்டி கட்டினேன். வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். வருகிற காட்சியைத் தேக்கிவைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்துவிடும். என் அறைக்குப் போகிற வயரில் தொட்டி இல்லை. அங்கே வருவது நேரடி. நான் என் அறையில் பார்ப்பேன். கோல் விழுந்தால் எழுந்து ஹாலுக்கு வந்து, மாமா பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காதில் சொல்வேன்: "மாமா, மூச்சை இழுத்துக்குங்க. இடது பக்கமிருந்து நமக்கு ஒண்ணு வரப்போவுது." அப்புறம் அது வரும். அவர் தயாராக இருப்பார்.

முதலில் பத்து விநாடிதான் வைத்தேன். அதற்கு நான் ஓட வேண்டியிருந்தது. மூச்சிரைக்க வந்து நிற்கிறவன் வாக்கை யார் மதிப்பார்கள். அரை நிமிடமாக்கினேன். வழியில் பாத்தும்மா நிறுத்தி, "சாயா எடுக்கட்டா மோனே?" என்பார். மாமியாருக்குப் பதில் சொல்லாமல் போவது நம் வழக்கமில்லை. முக்கால் நிமிடமாயிற்று. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, பாருங்கள்.

ஒளித்துவைத்தேன் என்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். லினக்ஸ் என்பது யாரும் திறந்து பார்க்கலாம் என்கிற ரகம். பூட்டு கிடையாது. நான் எழுதிய ஒவ்வொரு வரியும் மாடிப்படிக்குக் கீழே, ஸ்டூலின் மேல், திறந்தே கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் பந்து வைப்பார்கள். ஒரு ஆள் குனிந்து வாசித்திருந்தால் போதும்.

முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் சொன்னேன். லத்தீப் சிரித்தார். "குருட்டு அதிர்ஷ்டம். ஷார்ஜாவில நானும் ஒரு தடவ லாட்டரி நம்பர் சொன்னேன்" என்றார். இரண்டாவது ஆட்டத்தில் எதிரணியின் கோலைச் சொன்னேன். "மாமா, கண்ணை மூடிக்கங்க. இது பார்க்க வேணாம்." அவர் மூடிக்கொண்டார். வலை ஆடியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பாத்தும்மா அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, "என் இளைய புதியாப்பிளைக்கு நாக்குல பரக்கத்து இருக்கு" என்றார். அன்று இரவு மீன் கீழேயிருந்து மேலே போயிற்று. ஆலிக்கோயா தன் தட்டிலிருந்த வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்பரையில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது போல.

இப்போது நீங்கள் என்மேல் உங்களுக்குள்ள கணக்குக்கு வருவீர்கள். வாருங்கள்.

தெருவில் நீங்கள் கத்துவது முக்கால் நிமிடம் முந்தி ஹாலில் கேட்டால் என்ன ஆவது. அதனால் ஜன்னல்களை அடைத்து ஏசி போடச் சொன்னேன். போன்களில் செய்தி வரும். அதனால் ஆட்டத்தின்போது எல்லாப் போனும் கூடையில். மொட்டை மாடியிலிருந்த டிஷ் வழியாக வந்தால் தாமதம் இருக்காது, அதுவோ மழையில் சாய்ந்திருந்தது. அதை நான் சாய்க்கவில்லை. நிமிர்த்தவும் இல்லை. அப்புறம் நீங்கள். நீங்கள் தெருவில் பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, இடைவேளையில் மாமாவோடு மீதியைப் பார்க்க வருகிறவர். வானொலிக் காலத்திலிருந்து எந்த உலகக் கோப்பையையும் நீங்கள் இருவரும் தனித்தனியாகப் பார்த்ததில்லை என்று கேள்வி. உங்களை வாசலில் நிறுத்தி, "அந்த்ருக்கா, உங்க குரலுக்கு அவர் இதயம் தாங்காது" என்று சொன்னவன் நான்தான். நீங்கள் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, "அவனுக்குக் கொடு. நான் வந்தேன்னு சொல்லாத, எழுந்து வந்துடுவான்" என்று திரும்பிப் போனீர்கள். கடலை நன்றாக இருந்தது. மாமாவுக்கு உப்பு கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன், அதனால் வேறு வழியில்லை.

மாமா எதையும் எதிர்க்கவில்லை. புரோட்டா நிறுத்தினேன், நிறுத்திக்கொண்டார். மாடி ஏறக்கூடாது என்றேன், ஏறவில்லை. காலையும் மாலையும் மாத்திரையை நான் கையில் வைக்க, அவர் விழுங்கினார். ஒரே ஒரு தடவை, மூன்றாவது ஆட்டத்தில், நான் காதருகே குனிந்தபோது தலையை நகர்த்தினார்.

"சவாதே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத."

"கேளுங்க மாமா."

"பாயசத்தை நீ குடிச்சிட்டு கிண்ணத்தை எங்கிட்ட நீட்டற மாதிரி இருக்குடா."

"உங்க உடம்புக்குத்தானே மாமா."

"அது சரி. சொல்லு, யாரு அடிக்கிறான்?"

நான் சொன்னேன். அவர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கைதட்டும்போது மட்டும் தானும் தட்டினார். நாடி சீராக இருந்தது. என் முறை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

இனி கால் இறுதி. இங்கேதான் தொழில் தெரிந்தவன் வெட்கப்பட வேண்டிய இடம் வருகிறது. மற்றதற்கெல்லாம் எனக்கு அவ்வளவு வெட்கம் இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட வயர்த் துளைகள் இருந்தால் கணினி அவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டும். ஒவ்வொரு அடாப்டருக்கும் பிறவியிலேயே ஒரு எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் முறை. நான் சோம்பல்பட்டு, எழுந்த வரிசைப்படி பெயர் வைக்கச் சொல்லியிருந்தேன். முதலில் விழித்தவன் ஒன்று, பின்னால் விழித்தவன் இரண்டு. தொட்டியை ஒன்றின் வாசலில் கட்டு என்பது என் உத்தரவு. எந்தக் கழுதை ஒன்று, எது இரண்டு என்று யார் பார்த்தது. வந்த வரிசைப்படி மரியாதை என்பதை இந்த வீட்டிலிருந்துதான் படித்தேன். இந்த வீட்டில் அது மாறவே மாறாது. கணினியில் மாறும் என்பதை மறந்துவிட்டேன்.

ஆட்டம் பாதியில் இடி இடித்து மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரை இழுத்தார்கள். பேட்டரி செத்த கணினி அணைந்து, புதிதாக எழுந்தது. இந்தத் தடவை என் அறையின் அடாப்டர் முதலில் விழித்துக்கொண்டது. தொட்டி என் அறைக்கு வந்துவிட்டது. ஹாலுக்கு நேரடி போயிற்று. ஜெனரேட்டரில் ஏசி ஓடாது, அதனால் யாரோ ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். நஸ்லா பிறகு சொன்னாள், தெருவும் ஹாலும் முதல் தடவையாக ஒரே நேரத்தில் கத்தியபோது மாமா எழுந்து நின்றுவிட்டாராம். "இன்னைக்கு என்னடி, அந்த்ரு கத்தறதும் நான் கத்தறதும் சேர்ந்து வருது" என்றாராம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் அறையின் ஓட்டுமேல் மழை தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது.

என் திரையில் பிரேசில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டது. நான் எழுந்தேன், சட்டையை நீவிக்கொண்டேன், நடந்தேன். ஹாலுக்கு வந்தேன். எல்லோரும் தலையில் கைவைத்திருந்தார்கள். இதுவும் எனக்கு வசதியாகவே பட்டது. துக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் நல்ல வாக்கு வேண்டும். மாமா பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். இந்தத் தடவை காதில் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மாமா, மூச்சை இழுத்துக்குங்க. தலையால முட்டி நமக்கு ஒரு கோல் வருது."

லத்தீப் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புதியாப்பிளே, அது வந்துச்சு. ஆடினோம். ஆஃப்சைடுன்னு சொல்லி அதை எடுத்துட்டும் போயிட்டாங்க. நீ எந்த ஊர்ல இருக்க?"

தரகர் மகன் ஒரு விலையில் மாட்டிக்கொண்டால் அடுத்த விலைக்குத் தாவுவான். "நான் சொல்றது இன்னொண்ணு" என்றேன். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் ஒருவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

ஆலிக்கோயாதான் எழுந்தார். சந்தை நிலவரம் தாமதமாக வந்தால் என்ன நடக்கும் என்று அறிந்தவர். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. நேரே என் அறைக்குப் போனார். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது:

"எல்லாரும் இங்க வாங்க. இந்த ரூம்ல நாம இன்னும் ஜெயிச்சிட்டிருக்கோம்."

போனார்கள். என் கட்டிலின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். என் டிவியில் மஞ்சள் சட்டைக்காரர்கள் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கதவோரம் நின்று, "இங்க ஒருவேளை ஆஃப்சைடு குடுக்க மாட்டாங்களோ?" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு அங்கேயும் கொடுத்தார்கள். ஒரே கோலை அந்த மனிதர் ஒரே இரவில் இரண்டு தடவை இழந்தார். அப்புறம் பெனால்டியில் நாம் வென்றோம், அதையும் எல்லோரோடும் நின்று, கத்தி, குதித்துப் பார்த்தார். பாத்தும்மா அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடவே குதித்தார்.

லத்தீப் தொட்டியைக் கண்டுபிடித்தார். நான் சொன்னேனே, திறந்தேதான் கிடந்தது. மறுநாள் மீன் பழைய வரிசைக்குத் திரும்பியது. என் வரிசையில் வாலும் வரவில்லை, குழம்பு வந்தது. அதை நான் தாங்கிக்கொள்வேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தாமதம் ஒரு ஏமாற்று என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் இதயத்துக்காகச் செய்தான், கொஞ்சம் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று மன்னிக்கிற தோரணையில் இருக்கிறார்கள். அதனால்தான் நாளைக்கு மாமாவை உங்களோடு அனுப்பமாட்டோம் என்கிறார்கள். கால் இறுதியில் குதித்ததே அதிகம் என்று அன்றிலிருந்து அவரை வாசல்படி தாண்ட விடுவதில்லை.

நான் வீட்டில் சொன்னதை உங்களுக்குச் சொன்னேன். டாக்டர் சொன்னதை இன்னும் சொல்லவில்லை. மாமா வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் சொன்னார்: "குதிரைக்கு இருக்கிற இதயம். ராத்திரியில பொரிச்ச பத்திரி ரொட்டியைக் குறைக்கச் சொல்லுங்க. வெறும் வாயு." மாத்திரையும் வாயுவுக்குத்தான். டப்பாவில் நான் காலை, மாலை என்று மட்டும்தான் எழுதினேன். இதயம் என்று எங்கும் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். குதிரை என்று அப்படியே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று நடுமுற்றத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்த்ருக்கா. வாயு என்று சொல்லிவிட்டு வாலுக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆக, கூட்டிப்போகலாம். நாற்காலியில் ஜெர்ஸி தயாராக இருக்கிறது. கத்தட்டும், புரோட்டா தின்னட்டும், உங்கள் கடலையையும் தின்னட்டும்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். கோபம் புரிகிறது. உட்காருங்கள், ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் இப்போதே உள்ளே போய், பீரானே உனக்கு ஒன்றுமில்லையடா என்று உங்கள் குரலில் போட்டு உடைத்துவிடாதீர்கள். அவருக்கு எதையும் முன்கூட்டித் தயார் செய்து சொல்லித்தான் இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறேன். என்னிடம் விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் மெதுவாகச் சொல்கிறேன். இப்படி ஒரு சந்தோஷம் திடீரென்று வந்தால், பாவம், அவர் இதயம் தாங்காது.